நீல விளக்கில் ஒரு கல்யாணப் பேச்சு
அத்தியாயம் பதினொன்று

ஜெனீரா மெடம் திங்கட்கிழமை வருவதாகத்தான் பேச்சு. ஞாயிறு காலையில், கடையின் இரும்புத் திரையைக் கடைப் பையன் மர்ஸூக் இன்னும் முழுதாக உயர்த்தி முடிக்கவில்லை, பதுளை ஸ்டேஷன் வீதியில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. தோளில் கறுப்புப் பையோடு அதிலிருந்து இறங்கியவரைக் கண்டதும் விஜயலெட்சுமி மேசை துடைத்த துணியோடு வாசலுக்கு ஓடினாள்.

"நாளைக்கு எனக்குக் கொழும்புல வேற மீட்டிங் விஜி. அதான் இன்டைக்கே வந்துட்டேன். பரவாயில்லதானே?"

"பரவால்ல மெடம். வாங்க, உள்ள வாங்க."

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? இந்த ஞாயிற்றுக்கிழமையை அவள் வேறொரு காரியத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். நமுனுகுலயிலிருந்து அவளுடைய அம்மா இந்நேரம் பஸ் ஏறியிருப்பாள். ஊருக்குள் கஜரூபன் வீட்டில் அவனுடைய அம்மாவும் அப்பாவும் வெளிக்கிட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் வந்து சேரப்போவது இந்தக் கடைக்குத்தான்.

பதுளைச் சனம் 'நீல விளக்கு' என்று கூப்பிடும் அந்தக் கடையின் நிஜப் பெயர் 'புளூ லேண்டர்ன்'. உலகத்தில் எத்தனையோ நகரங்களில் அதே விளக்குப் படம் போட்ட பலகை, அதே மரக் கதிரைகள், அதே மெல்லிய பாட்டு, அதே கோப்பி. கொழும்பில் காலூன்றிய கையோடு மலைநாட்டிலும் ஒன்றைத் திறந்து பார்ப்போம் என்று கம்பனி நினைத்தது. வடக்கில் சண்டை ஓய்ந்திருந்த காலம். ரயில் ரயிலாக வெள்ளைக்காரர் வந்து இறங்கினார்கள். பாதை முடிகிற கடைசி ஸ்டேஷன் பதுளை. கம்பனி போட்ட கணக்கில் பிழை சொல்ல முடியாது.

ஆனால் வந்த வெள்ளைக்காரர் ஒரு கோப்பியைக் குடித்துவிட்டு துன்ஹிந்த அருவிக்கு வான் பிடித்துப் போய்விட்டார்கள். மீதி நேரமெல்லாம் கடை வெறிச்சோடிக் கிடந்தது. ஊர்ச் சனம் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்க்கும். யாராவது திரும்பிப் பார்த்தால் விலகிப் போய்விடும். தீபாவளிக்கு அரைவிலை என்று தட்டி கட்டினார்கள். பொங்கலுக்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றார்கள். இலவசம் முடிந்த மறுநாள் கதவைத் திறக்க ஆளில்லை.

அந்த ஆளைச் சேர்க்கிற பொறுப்புத்தான் விஜயலெட்சுமிக்கு. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பேராதனையில் படித்து, கொழும்பில் இதே கம்பனியில் மார்க்கெட்டிங் பழகி, சொந்த ஊர்ப் பக்கம் திரும்பி வந்தவள். கடையை மூடினால் அவளுக்கு வேலை இல்லை. அதைவிட, 'லயத்துப் பிள்ளையிடம் கொடுத்தார்கள், மூடிவிட்டது' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற எண்ணம் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ஜெனீரா மூலை மேசையில் மடிக்கணினியை விரித்தார். இலங்கையில் இந்தக் கம்பனியின் பெயர், பலகை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் அவர்தான் தலைவி. கண்டிப்பானவர், ஆனால் குரலை உயர்த்தத் தெரியாதவர்.

"சுத்தி வளைக்காமச் சொல்றேன் விஜி. சிங்கப்பூர் ஹெட் ஆபீஸ்ல கேக்குறாங்க, இதை எதுக்கு வெச்சிருக்கீங்கன்னு. எனக்கு ஒரு காரணம் குடுங்க."

விஜி எதிரில் உட்கார்ந்தாள். பல நாளாக மனதில் உருட்டி வைத்திருந்ததைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"மெடம், நம்ம விளம்பரத்துல என்ன போட்டிருக்கோம்? 'உங்கள் நாள் ஒரு கோப்பியோடு தொடங்கட்டும்'. இந்தப் பக்கத்துல யாருக்கும் கோப்பியோட நாள் தொடங்குறதில்ல. தேத்தண்ணிதான். கோப்பி எப்ப போடுவாங்க தெரியுமா? காய்ச்சல் வந்தா மல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கோப்பி. செத்த வீட்டுல ராவெல்லாம் முழிச்சிருக்கக் கோப்பி. நான் எங்க லயத்துல போய் 'கோப்பி குடிக்க வாங்க'ன்னு கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய், 'யாருக்கு என்னா ஆச்சு?'ன்னு கேட்டுச்சு."

ஜெனீரா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி அவளை உற்றுப் பார்த்தார்.

"இதை ஏன் முந்தியே சொல்லல்ல?"

"சொன்னேன் மெடம். 'உலகம் முழுக்க ஒரே விளம்பரம்தான், மாத்த ஏலாது'ன்னு பதில் வந்துச்சு."

"சரி. அப்போ என்ன செய்யலாம்?"

"கோப்பிக்கு விளம்பரம் வேணாம் மெடம். மேசைக்குப் போடுவோம்."

"விளங்கல்ல."

"பதுளையில உக்காந்து பேச எங்க இடம் இருக்கு? சாப்பாட்டுக் கடையில தட்டு காலியானா எழும்பணும். பஸ் ஸ்டாண்டுல நிக்கத்தான் இடம். ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க வராந்தாவுல குந்தியிருக்காங்க. பொம்பளைங்க ரெண்டு பேர் தனியா ஒரு இடத்துல இருந்து பேசணும்னா கோயில விட்டா வேற எடமே இல்ல. கொழும்புல எங்களுக்குப் பாடம் எடுத்தப்போ நீங்கதான் சொன்னீங்க. வீடு முதலாவது இடம், வேலை ரெண்டாவது இடம், நம்ம கடை மூணாவது இடம்னு. நாம விக்கிறது கோப்பி இல்ல, அந்த மூணாவது இடம்தான்னு."

"அது அமெரிக்காவுல எழுதினது விஜி. அதைக் கேட்டு இங்க யார் வருவாங்க?"

விஜி சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். இனி மறைத்துப் பயனில்லை.

"இன்னிக்கு ரெண்டு குடும்பம் வருது மெடம். அவங்க வந்தா நானும் அந்த மேசையில உக்காரணும். எனக்குக் கல்யாணப் பேச்சு."

ஜெனீராவின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. "இங்கயா?"

"வேற எடம் கெடைக்கல மெடம்."

அது அப்பட்டமான உண்மை. கஜரூபனும் அவளும் பேராதனையில் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் இப்போது பதுளையில் விஞ்ஞான ஆசிரியன். அப்பா பரமலிங்கம் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையிலேயே தங்கிவிட்டவர். 'லயத்துக்கு நாங்கள் போறதோ?' என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள் அவன் அம்மா ஞானேஸ்வரி. 'அந்த வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்' என்று இந்தப் பக்கம் விஜியின் அம்மா பெரியாயி. அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. விஜி முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போன அன்று எல்லோருக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. விஜிக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளரில். அதை அவள் கஜனிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னாள்; சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தாள்.

"போங்க" என்றார் ஜெனீரா மெதுவாக. "முகம் கழுவிட்டு வாங்க. நான் இந்த மூலையிலயே இருக்கேன். என்னை மறந்துடுங்க."

* * *

முதலில் வந்தது பெரியாயி. கிளிப்பச்சைச் சேலை, புதுச் செருப்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கொழுந்தெடுத்துக் காய்த்துப் போன விரல்களைத் தேய்த்துக் கழுவியிருந்தாள். கணவன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று மகளைப் படிக்க வைத்தவள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தாள். மர்ஸூக் ஓடிப்போய்த் திறந்தான்.

"என்னாடி இது, பேங்கு மாதிரி இருக்கு. இதுக்குள்ள சத்தமாப் பேசலாமா?"

"நல்லாப் பேசலாம்மா. அதுக்குத்தான் கட்டியிருக்கு."

"அவங்க வந்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"நல்லது. வந்து உக்காந்திருக்கிறவங்க முன்னால போய் நிக்கிறது எனக்கு ஆகாது. அவங்க வரட்டும். நாம உக்காந்திருப்போம்."

சற்று நேரத்தில் கஜரூபன் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் அம்மாவும் அப்பாவும் உள்ளே வந்தார்கள். ஞானேஸ்வரி பட்டுச் சேலை மடிப்புக் கலையாமல் நடந்தாள். முகத்தில் சிரிப்பில்லை. பரமலிங்கம் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, மெத்தை போட்ட கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் முகத்தில் ஒரு ஆச்சரியம்.

"நல்ல கதிரை. பிள்ளை, இதிலை எவ்வளவு நேரம் இருக்கலாம்?"

"விரும்பின நேரம் வரைக்கும் இருக்கலாம் ஐயா."

"குடிச்சு முடிஞ்சாப் பிறகும்?"

"யாரும் எழுப்ப மாட்டாங்க."

"அப்பிடியோ!" என்று அவர் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஞானேஸ்வரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் திரும்ப நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மர்ஸூக் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, கடதாசிக் கோப்பைகளில் எழுதிக்கொண்டு போனான். வாடிக்கையாளரின் பெயரைக் கோப்பையில் எழுதுவது கம்பனியின் வழக்கம். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது விதி. அந்த விதியை விஜி போன மாதமே யாருக்கும் சொல்லாமல் தளர்த்தியிருந்தாள். கேட்பவரின் மொழியில் எழுது என்று மர்ஸூக்கிடம் சொல்லி வைத்திருந்தாள்.

கோப்பி வந்தது. ஐந்து கோப்பைகள், ஐந்தும் ஒரே மாதிரி.

ஞானேஸ்வரி ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது. அதே நேரம் பெரியாயியும் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"கசாயம் மாதிரி இருக்கு" என்றாள் பெரியாயி.

"நான் கடைசியாக் கோப்பி குடிச்சது எங்கட மாமா செத்த வீட்டிலை" என்றாள் ஞானேஸ்வரி, யாருக்கும் சொல்லாதவள் போல.

"எங்க ஊட்டுக்காரரு செத்தப்போ நான் குடிச்சது. அதோட இன்னிக்குத்தான்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பதா வேண்டாமா என்ற நிலை. கஜன் அவசரமாகச் சீனிப் பொட்டலங்களை எடுத்து நடுவில் வைத்தான். பெரியாயி நாலைந்தைப் பிரித்துத் தன் கோப்பையில் கொட்டிக் கலக்கி, இன்னொரு வாய் குடித்துப் பார்த்து, "இப்ப பரவால்ல" என்றாள்.

ஞானேஸ்வரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேரே விசயத்துக்கு வந்தாள்.

"எனக்கு ஒளிச்சு மறைச்சுக் கதைக்கத் தெரியாது. பிள்ளை படிச்சிருக்கிறா, வடிவாக் கதைக்கிறா. அதிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நாளைக்கு எங்கட சனம் கேட்கும். சம்பந்தி வீடு எங்கை எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

"அம்மா!" என்றான் கஜன்.

"நீ இரு தம்பி" என்று பெரியாயி அவனைக் கையமர்த்தினாள். குரலில் கோபம் இல்லை. "நமுனுகுல தோட்டம், மேல் பிரிவு, பெரியாயி வீடுன்னு சொல்லுங்க. பஸ்ஸ விட்டு எறங்கி யாருகிட்டக் கேட்டாலும் கொண்டாந்து விடுவாங்க. எங்க வீட்டுக்கு வழி கேக்குறதுல கஷ்டமே இல்லீங்க."

பரமலிங்கம் இருமினார். அது இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

"நான் கேட்டது அதில்லை."

"தெரியுங்க. நீங்க கேட்டது என்னான்னு எனக்கு விளங்குது. எனக்கும் கேக்க ஒண்ணு இருக்கு. கேக்கலாங்களா?"

விஜி அம்மாவின் பக்கம் சாய்ந்தாள். "அம்மா, வேணாம்" என்று மேசைக்கு அடியில் அம்மாவின் கையைப் பிடித்தாள். பெரியாயி கையை உருவிக்கொண்டாள்.

"எம்புள்ள ஒங்க வீட்டுக்கு வந்துச்சு. எல்லாருக்கும் கோப்பையில குடுத்தீங்க, எம்புள்ளைக்கு டம்ளர்ல குடுத்தீங்க. அது கோப்ப பத்தாம குடுத்ததா, இல்ல வேற மாதிரியா? கல்யாணம் முடிஞ்சு வந்தா, இவளுக்கு அந்த வீட்ல டம்ளர் தனியா இருக்குமா? அத மட்டும் சொல்லிருங்க. லயமா பங்களாவாங்கிறத அப்புறமாப் பேசலாம்."

கஜன் நம்ப முடியாமல் விஜியைப் பார்த்தான். பிறகு தன் தாயைப் பார்த்தான்.

"அம்மா, அது வேணுமெண்டு செய்ததோ?"

ஞானேஸ்வரியின் காதோரம் சிவந்து போயிருந்தது. எழுந்து போய்விடுவாள் என்றுதான் விஜி நினைத்தாள். கதிரை பின்னால் நகரும் சத்தத்துக்காகக் காது காத்திருந்தது.

ஞானேஸ்வரி எழும்பவில்லை. தனக்கு முன்னால் இருந்த கோப்பையைத் தள்ளி வைத்தாள். மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, பெரியாயிக்கு முன்னால் இருந்த கோப்பையை எடுத்தாள். எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். 'பெரியாயி' என்று மர்ஸூக்கின் கோணல் எழுத்தில் இருந்த பெயரை, ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பவள் போலப் படித்தாள். படித்த பிறகுதான் குடித்தாள்.

ஒரு வாய் அல்ல. மூச்சு வாங்கி, இன்னொரு முறையும் குடித்தாள். பிறகு கோப்பையை நடு மேசையில் வைத்தாள்.

"எனக்குச் சீனி போட்டது தான் விருப்பம்" என்றாள். குரல் கொஞ்சம் கரகரத்தது. "எங்கட வீட்டிலை இனிமேல் எல்லாருக்கும் கோப்பை தான்."

பெரியாயி அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்து, மீதியாக இருந்ததைத் தான் குடித்து முடித்தாள்.

"அப்பச் சரிங்க" என்றாள். "இனி லயத்தப் பத்திப் பேசலாம். என்னா தெரியணும், கேளுங்க."

அதற்குப் பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. விஜியின் ஜாதகம் எங்கே, கஜனுக்கு மாற்றம் வந்தால் எந்த ஊருக்கு, கல்யாணத்துக்குப் பிறகு விஜி வேலைக்குப் போவதா என்று ஒவ்வொன்றாக வந்தன.

"போவேன்" என்றாள் விஜி, கேள்வி முடியும் முன்பே. "அதுல மட்டும் மாத்தமில்லீங்க."

ஞானேஸ்வரி புருவத்தை உயர்த்தினாள். "நான் போக வேண்டாம் எண்டு சொல்லேல்லையே. இந்தக் கடை இருக்குமோ எண்டு தான் கேட்டனான். ஒருத்தரையும் காணேல்லை."

மூலை மேசையில் மடிக்கணினிக்குப் பின்னால் யாரோ மெல்லச் செருமுவது கேட்டது.

* * *

எல்லோரும் எழுந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. கஜன் பெரியாயியைப் பஸ் ஏற்றிவிடப் போனான். போகும்போது விஜியின் பக்கத்தில் வந்து, "டம்ளர் கதையை நீர் எனக்குச் சொல்லியிருக்க வேணும்" என்றான் தணிந்த குரலில்.

"சொல்லியிருந்தா ஒங்க அம்மாவோட சண்டை போட்டிருப்பீங்க."

"போட்டிருப்பன் தான்."

"இப்ப சண்டையில்லாம முடிஞ்சிருச்சில்ல? போங்க, பஸ் போயிரும்."

பரமலிங்கம் மட்டும் எழும்ப மனமில்லாமல் எழும்பினார். "பிள்ளை, பேப்பர் கொண்டுவந்து வாசிச்சால் ஏதும் சொல்லுவினமோ?" என்று கேட்டார். தாராளமாக வாசிக்கலாம் என்றாள். அவர் அந்தக் கதிரையை இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டு, சந்தைப் பக்கம் போன மனைவியின் பின்னால் நடந்தார்.

விஜி மூலை மேசைக்குப் போனாள்.

"உக்காருங்க" என்றார் ஜெனீரா. மடிக்கணினி மூடியிருந்தது. அதன் மேல் ஒரு சின்ன டிஜிட்டல் கமரா. "இதைப் பாருங்க."

திரையில் ஒரு படம். மேசைக்குக் குறுக்கே நீண்ட ஞானேஸ்வரியின் கை, கோப்பை, அம்மாவின் பச்சைச் சேலை, அம்மாவின் முகம். விஜி அந்த முகத்தை அப்படி எந்தப் படத்திலும் கண்டதில்லை. பயமும் பெருமையும் ஒன்றாகத் தெரிந்த முகம்.

"பதினாலு வருஷமா இந்த வேலை செய்றேன் விஜி. இப்படி ஒரு படம் எனக்குக் கிடைச்சதில்ல. இதைச் சிங்கப்பூருக்கு அனுப்பினா, பதுளைக் கடையை மூடுறதா? இதை வெச்சு உலகத்துக்கே விளம்பரம் செய்வாங்க. உங்க பேர் எங்கயோ போயிடும். ஒரு சொல்லு சொல்லுங்க, இப்பவே அனுப்புறேன்."

விஜி கமராவைத் திருப்பி மேசையில் வைத்தாள். கடை தப்பும். வேலை தப்பும். அம்மாவின் முகம் கொழும்பில் பெரிய பலகையில் நிற்கும். சொந்தக்காரர்கள் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். இவ்வளவும் ஒரு சொல்லில் கிடைக்கும்.

"வேணாம் மெடம்."

"அவங்ககிட்டக் கேட்டுப் பார்க்கலாமே?"

"கேட்டா எங்கம்மா சரின்னு சொல்லிரும் மெடம். எனக்காகச் சொல்லும். அதனாலதான் கேக்க மாட்டேன்." அவள் ஒரு நொடி தயங்கி, பிறகு தைரியமாகத் தொடர்ந்தாள். "இன்னொண்ணும் இருக்கு. யாரும் பாக்கலன்னு நெனச்சுத்தான் அவங்க ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசினாங்க. நாளைக்கு இந்தப் படம் செவுத்துல தொங்கினா, அடுத்த குடும்பம் இங்க வந்து பேசுமா? படம் புடிக்கிற எடத்துல யாரு மெடம் வாயத் திறப்பாங்க? ஒரு போஸ்டருக்காக நாம விக்கப்போற பொருளையே ஒடச்சுப் போட்டுருவோம்."

வெளியே ரயில் ஒன்று ஸ்டேஷனுக்குள் நுழைந்து ஊதியது. ஜெனீரா கமராவைக் கையில் எடுத்து, அழிக்கும் பொத்தானை அழுத்தினார். அழுத்திவிட்டு, திரையை விஜிக்குக் காட்டினார். அதில் இப்போது, காலையில் எடுத்த காலி மேசை ஒன்றின் படம்தான் இருந்தது.

"காலையில மேசைக்கு விளம்பரம்னு சொன்னீங்களே, அப்போ எனக்கு அது சும்மா பேச்சாத்தான் தெரிஞ்சிச்சு. இப்போ நம்புறேன்" என்றார். "ஆனா நான் நம்பினாப் போதாது. மூணு மாசம் வாங்கித் தாறேன். அதுக்கு மேல என்னால பிடிச்சு வெக்க ஏலாது. கோப்பையில தமிழ்ல எழுதுறீங்க, அதையும் பார்த்தேன்."

"அது வந்து மெடம்..."

"சிங்களத்துலயும் எழுதுங்க. கேட்டா நான் பேசிக்கிறேன்."

"எழுதுறோம் மெடம். மர்ஸூக்குக்கு மூணு பாஷையும் எழுதத் தெரியும்."

"ஆனா படம் இல்ல, கதை இல்ல, இலவசம் இல்ல. ஆள் எப்படி வரும் விஜி?"

விஜி மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒருவர் சொல்லி ஒருவர் வரவேண்டும். அதற்கு முதலாவது ஆள் வேண்டுமே. பரமலிங்கம் பேப்பரோடு வந்து உட்கார்ந்தால் அது ஒரு ஆள். ஒரு ஆளை வைத்துக்கொண்டு மூன்று மாதத்தை எப்படி ஓட்டுவது?

அப்போதுதான் கதவு திறந்தது. மர்ஸூக் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான், திறந்துவிட ஆளில்லை. வந்தவள் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் சந்தைப் பை, பைக்கு மேலே முருங்கைக்காய். ஞானேஸ்வரி.

விஜி எழுந்து நின்றாள். மனம் மாறிவிட்டதா? வீதியில் நடந்து போகும்போது யோசித்து, திரும்பி வந்துவிட்டாளா?

"இரு, இரு" என்றாள் ஞானேஸ்வரி. ஜெனீராவை ஒருமுறை பார்த்தாள். யாரோ கோப்பி குடிக்க வந்தவர் என்று விட்டுவிட்டாள். விஜியின் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "காலமை எல்லாருக்கும் முன்னாலை சொல்லேலாமல் போச்சுது. என்ரை தமையன் யாழ்ப்பாணத்திலையிருந்து வெள்ளிக்கிழமை வாறார். கஜனை வளர்த்ததிலை அரைவாசி அவர் தான். இந்தக் கதை ஒண்டும் அவருக்கு இன்னும் தெரியாது."

"கஜன் சொல்லலையா?"

"ஆருக்குத் துணிவு வரும்? வீட்டிலை வைச்சுச் சொன்னால் கூரை பறக்கும். ஆனால் ஒண்டு, பிறத்தியார் இருக்கிற இடத்திலை அவர் சத்தம் போடமாட்டார். கௌரவம் பாக்கிறவர்." ஞானேஸ்வரி கடையைச் சுற்றிப் பார்த்தாள். கண்ணாடி, விளக்குகள், வரிசையாக நின்ற வெறும் கதிரைகள். "அதாலை வாற ஞாயிற்றுக்கிழமை அந்த மேசை எனக்கு வேணும். உன்ரை அம்மாவையும் வரச் சொல்லு. அவவாலை தான் அவரோடை கதைக்க ஏலும்."

விஜிக்குச் சிரிப்பும் நடுக்கமும் ஒன்றாக வந்தன. "வச்சிருக்கேங்க" என்றாள்.

"பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட ரீச்சரையும் புருஷனையும் கூட்டிக்கொண்டு வாறன். பின்வீட்டு ஆக்களும் வருவினம். சனம் கூட இருந்தால் தான் அவர் அடங்கி இருப்பார்."

மூலை மேசையில் ஜெனீரா தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின.

ஞானேஸ்வரி கதவுவரை போனாள். கைப்பிடியில் கையை வைத்தவள் ஏதோ யோசித்துத் திரும்பினாள்.

"ஒரு மேசை காணாது பிள்ளை" என்றாள். "எல்லாத்தையும் சேர்த்துப் போட்டு வை."